மத்தியானம் நின்றுவிடும் பம்பு: சுங்கை சிப்புட் வீடொன்றின் வெந்நீர்த் தொட்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

பொருள்: நான்கு பேர் உட்காரக்கூடிய வெந்நீர்த் தொட்டி, ஏறக்குறைய 1,000 லிட்டர். 2 குதிரைத்திறன் பம்பு ஒன்று. 5.5 கிலோவாட் ஹீட்டர் ஒன்று. தண்ணீரை வடிகட்டுவது, ஹீட்டர் வழியாகத் தள்ளுவது, ஜெட் அடிப்பது எல்லாம் அந்த ஒரே பம்பின் வேலை.

இடம்: மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. பின்பக்கம் துத்தநாகக் கூரைக்குக் கீழே தொட்டி.

பார்த்தவர்கள்: செம்பனை எண்ணெய் ஆலையில் பிட்டராக (இயந்திரப் பழுது பார்ப்பவராக) இருந்து ஓய்வு பெற்ற நான், வயரிங் வேலைக்கு உரிமம் உள்ள வயர்மேன் நண்பர் ஒருவர்.

புகார்

"பம்பு போச்சுண்ணே. புதுசு போட எவ்ளோ ஆகும்னு மட்டும் சொல்லுங்க." வீட்டு மகன் போனில் கேட்டது இவ்வளவுதான். என்ன ஆனது என்று கேட்டேன். சுவிட்சைப் போட்டால் உறுமுகிறதாம், தண்ணீர் அசைவதில்லையாம், சில நொடியில் சத்தமும் அடங்கிவிடுகிறதாம்.

நேரில் போனபோது அவருடைய அம்மா சொன்னதுதான் எனக்கு உபயோகமாக இருந்தது. "இப்பதான் தம்பி இப்படி மொத்தமா நின்னுருச்சு. மொதல்ல காலையில நல்லா ஓடும். வெயில் ஏறுனா படுத்துக்கும். சாயந்திரம் தானா எழுந்துக்கும். மழை பேஞ்சா தொட்டிக் கரண்டே போயிரும்." மகன் சொன்னதையும் சேர்த்தால் மூன்று கோளாறு. உறுமல் ஒன்று, வெயிலில் நிற்பது ஒன்று, மழையில் கரண்ட் போவது ஒன்று. வீட்டில் எல்லோரும் அதை ஒரே கோளாறாக, "பம்பு போச்சு" என்று கட்டி வைத்திருந்தார்கள்.

கோளாறு பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: வீட்டில் யார் அந்தப் பொருளை அதிகம் பயன்படுத்துகிறாரோ அவரிடம் பேசு. பணம் கொடுப்பவருக்கு முடிவு மட்டும்தான் தெரியும்.

முன்கதை

அந்த அம்மா இளவயதிலிருந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு உரம் போடும் வேலை. இப்போது இரண்டு முட்டியும் ஒத்துழைப்பதில்லை. தம்புன் வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துப் போனால் இரண்டு நாள் வலி குறைகிறது என்பதால், ஒவ்வொரு முறையும் ஈப்போப் பக்கம் காரோட்ட முடியாத மகன் பழைய தொட்டி ஒன்றை வாங்கிப் போட்டார். மலேசிய வெயிலில் வெந்நீர்த் தொட்டியா என்று அக்கம்பக்கத்தில் சிரித்தவர்களும் உண்டு. முட்டி வலிக்கு வெயில் தெரியாது.

தொட்டி வந்த வழி முக்கியம். கோலாலம்பூரில் வேலை பார்த்த அமெரிக்கக் குடும்பம் ஒன்று வீட்டுச் சாமான்களோடு கொள்கலனில் கொண்டுவந்தது. ஊர் திரும்பும்போது விற்றுவிட்டது. அமெரிக்க வீடுகளுக்கு மின்சாரம் இரண்டு 120 வோல்ட் லைனாக வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் எடுத்தால் 240. சின்னச் சாமான்கள் 120இல் ஓடும். அடுப்பு, ஹீட்டர், பெரிய மோட்டார் போன்றவை 240இல் ஓடும். இங்கே தொட்டியைப் பொருத்தியவர் அதைத் தெரிந்துதான் வேலை செய்திருக்கிறார். தண்ணீரைச் சுத்தம் செய்ய 120 வோல்ட்டில் ஓடும் ஓசோன் கருவியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஹீட்டரையும் பம்பையும் மட்டும் நம்ம ஊர் லைனில் கொடுத்திருந்தார். கண்ட்ரோல் பெட்டி இரண்டு நாட்டுக்கும் ஒத்துவரும் வகை. ஹீட்டருக்கு 32 ஆம்பியர் பிரேக்கர், 6 சதுர மில்லிமீட்டர் கேபிள். மேலோட்டமாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாத வேலை.

ஒரு வருடத்துக்கும் மேல் ஓடியது. பிறகுதான் மேலே அந்த அம்மா சொன்ன வரிசை தொடங்கியிருக்கிறது. ஒரு கடைக்காரர் வந்து மோட்டாரைக் கிளப்பிவிடும் கப்பாசிட்டரை மாற்றினார், ஓடியது. மழைக்குக் கரண்ட் போவதற்கு வேறொருவர் வந்து ஈ.எல்.சி.பி.யை (மின்சாரம் கசிந்தால் லைனை வெட்டும் கருவியை) மாற்றினார், அதுவும் 'சரியானது'. கடைசியில் மீண்டும் உறுமல்.

கப்பாசிட்டர் ஏற்கெனவே ஒரு தடவை மாற்றப்பட்டது என்று கேட்டதுமே எனக்குச் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. கப்பாசிட்டர் வயதாகிப் போகும் பொருள்தான். ஆனால் புதுசு சில மாதத்தில் போகாது, யாராவது போக வைத்தாலொழிய.

திறப்பதற்கு முன்

பம்பு நின்று வாரக்கணக்கில் ஆன தொட்டித் தண்ணீர் கலங்கி, ஓரத்தில் வழவழவென்று இருந்தது. சுழற்சி இல்லாவிட்டால் குளோரின் போட்டாலும் குழாய்க்குள் போய்ச் சேராது. லெஜியோனெல்லா கிருமி 20 முதல் 45 பாகை வரையான தண்ணீரில் பெருகும். நம்ம ஊரில் தொட்டியைச் சூடாக்காமலே அந்த வெப்பம் கிடைத்துவிடும். ஜெட் அடிக்கும்போது தூவும் துளியை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குக் கேடு. ஆகவே அந்தத் தண்ணீரோடு எந்தச் சோதனையும் செய்யவில்லை. வடித்துவிட்டு, கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, குளோரின் தூக்கலாகப் போட்டு, அதற்கப்புறம்தான் ஆரம்பித்தோம். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வடிகட்டி அழுக்காக இருந்தது. கழற்றி வைத்துவிட்டே சோதனை செய்தேன். வால்வுகள் திறந்திருந்தன. தண்ணீர் வடித்து நிரப்பியதால் பம்புக்குள் காற்று அடைத்திருக்கும் என்று, அழுத்தப் பக்க யூனியனை (கழற்றி மாட்டும் குழாய் இணைப்பை) கொஞ்சம் தளர்த்திக் காற்று போய்த் தண்ணீர் கசியும்வரை விட்டு மீண்டும் இறுக்கினேன். இதெல்லாம் எந்தத் தொட்டிக்கும் செய்ய வேண்டிய சடங்கு.

உறுமல்

உறுமும் மோட்டாருக்கு மூன்று காரணம் இருக்கலாம். தண்டு இறுகியிருக்கும், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில் ஏதாவது சிக்கியிருக்கும், அல்லது கிளப்பிவிடும் சக்தி இல்லாமல் இருக்கும். மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டிவிட்டு, மோட்டாரின் பின்மூடியைக் கழற்றி, தண்டின் நுனியில் உள்ள வெட்டில் ஸ்குரூ டிரைவரை வைத்துத் திருப்பினேன். சிரமமில்லாமல் சுற்றியது. முதல் இரண்டு காரணமும் போயிற்று.

கப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. அதைத் தொடுவதற்கு முன் 20 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இரண்டு முனையிலும் வைத்து மின்னேற்றத்தை வடிப்பது என் வழக்கம். ஸ்குரூ டிரைவரால் குறுக்கே தொட்டுப் பொறி பறக்க வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; அது வீரமும் இல்லை, வேலையும் இல்லை. மேலே எழுதியிருந்தது 30 மைக்ரோஃபாரட். மீட்டரில் வந்தது 12. இந்த வகை மோட்டாரில் துணைச் சுருளுக்கு மின்னோட்டத்தை முன்தள்ளிக் கொடுப்பதே கப்பாசிட்டர்தான். பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் மோட்டார் நிற்கும் இடத்திலேயே நின்று உறுமும். அந்த நிலையில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். உள்ளே இருக்கும் சூட்டுக் காப்பு உடனே வெட்டிவிட்டதால்தான் சுருள் கருகாமல் தப்பியது.

புது 30 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கப்பாசிட்டர் என் பெட்டியிலேயே இருந்தது. மாட்டுவதற்கு முன் அந்த மழைக் கோளாறைப் பார்த்துவிட வேண்டும் என்று வயர்மேன் நண்பர் கையைப் பிடித்துவிட்டார். அவர் பிடித்தது நல்லதுதான்.

மழைக்குக் கரண்ட் போன கதை

வீட்டின் பிரேக்கர்கள் இருக்கும் டி.பி. பெட்டியைத் திறந்த நண்பர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. தொட்டி லைனுக்கு 100 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. இருந்தது. பழையது எங்கே என்று கேட்டதற்கு மகன் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்: 10 மில்லி ஆம்பியர், நல்ல நிலையில்.

மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குமுறை விதிகள் ஈரத் தரை உள்ள இடத்துக்கு 10 மில்லி ஆம்பியரைத் தாண்டக்கூடாது என்கின்றன. கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளுக்கு 30; மற்றவற்றுக்குத்தான் 100. தண்ணீரில் இடுப்பு வரை உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு எது பொருந்தும் என்று சட்டப் புத்தகத்தைப் பார்த்தா தெரிந்துகொள்ள வேண்டும்? மழை பெய்தால் வெட்டுகிறது என்றால் எங்கோ மின்சாரம் கசிகிறது. கசிவைத் தேடாமல், கசிவைக் காட்டிக்கொடுத்த கருவியை மந்தமான ஒன்றாக மாற்றியிருக்கிறார்கள். அந்த அம்மா அதற்கப்புறமும் அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கிறார். அந்த வீட்டில் எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில் மட்டும்தான்.

கசிவு இருந்த இடம் சிரிப்பை வரவழைத்தது. கண்ட்ரோல் பெட்டியைத் தனியாகப் பிரித்துவிட்டு (மின்காப்பைச் சோதிக்கும் மெகர் மீட்டர் போடும் 500 வோல்ட் அதன் எலக்ட்ரானிக் பலகையைக் கொன்றுவிடும்) ஹீட்டரையும் பம்பையும் தனித்தனியாகச் சோதித்தார் நண்பர். ஹீட்டரில் குறையில்லை. பம்பில் ஒரு மெகா ஓம் கூட இல்லை, 0.03 காட்டியது. அதாவது 30 கிலோ ஓம். அன்று லைனில் இருந்த 241 வோல்ட்டுக்கு அது 8 மில்லி ஆம்பியர் கசிவு. 10 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. பாதிக்கும் முழுசுக்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் வெட்டும். வெட்டியது அதன் கடமை.

பம்பின் இணைப்புப் பெட்டி மூடியைத் திறந்தால் உள்ளே குளவிக் கூடு. வயர் போகும் அமெரிக்கக் குழாய்க்கென்று போட்டிருந்த துளை நம்ம ஊர்க் கேபிளுக்குப் பெரிது. கேபிளைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் கிளாண்டு போடாமல் விட்டிருந்தார்கள். அந்த வழியாக உள்ளே போன குளவி, டெர்மினலுக்கும் உடம்புக்கும் நடுவில் மண்ணைப் பூசி வீடு கட்டிவிட்டது. காய்ந்த மண் மின்சாரம் கடத்தாது. மழைக்காற்றின் ஈரம் ஏறினால் கடத்தும். அன்று முதல் நாள் இரவு நல்ல மழை. மண்ணைச் சுரண்டி, துடைத்து, சூடான காற்றில் காய வைத்த பிறகு 50 மெகா ஓமுக்கு மேல் ஏறியது. துளைக்குக் கிளாண்டு போட்டு, 10 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. பழைய இடத்துக்குத் திரும்பியது.

ஓடியது, பிறகு நின்றது

கப்பாசிட்டர் மாட்டியதும் மோட்டார் ஒரு நொடியில் கிளம்பியது. ஜெட் அடித்தது. மகன் முகத்தில் வெளிச்சம். அந்த நிமிடத்தில் கூலி வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தால் யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். முன்னால் வந்த கடைக்காரர் செய்ததும் அதுவே.

மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை லைனில் மாட்டினேன். 11.9 ஆம்பியர். மோட்டார் தகட்டில் 230 வோல்ட், 10 ஆம்பியர் என்று தெரிந்தது. தகட்டின் கீழ்ப்பாதியில் கடைக்காரரின் வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஆக, தகடு சொல்வதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். ஆனால் ஜெட்டில் வேகம் இல்லை. வடிகட்டியே இல்லாமல் ஓடுகிறது, வழியெல்லாம் திறந்திருக்கிறது, அப்படியும் கையை வைத்தால் மெதுவாகத் தள்ளுகிறது. அந்த அம்மாவும், "வாங்குனதுலேர்ந்தே தம்புன்ல இருக்குற மாதிரி அடிக்காது" என்றார்.

இங்கேதான் சரியான கேள்வி கிடைத்தது. வேலை குறைவாகச் செய்யும் மோட்டார் எதற்காகக் கரண்ட் அதிகமாக இழுக்கிறது?

ஆலையில் பம்பு பார்ப்பவர்களுக்கு ஒரு பழைய சோதனை உண்டு. இந்த வகை மையவிலக்குப் பம்பின் அழுத்தப் பக்க வால்வை மெல்ல மூடினால், தள்ளும் தண்ணீர் குறையும், மோட்டாரின் சுமை குறையும், கரண்ட் தெளிவாக இறங்கும். பலர் இதற்கு நேர்மாறாக நினைக்கிறார்கள். அடைத்தால் மோட்டார் திணறும் என்று. மையவிலக்குப் பம்பில் அப்படி இல்லை. சில நொடி மட்டும் வால்வை மூடிப் பார்த்தேன். 11.9 இருந்தது 11.5 ஆயிற்று. அவ்வளவுதான். சுமையைக் கிட்டத்தட்ட முழுக்க எடுத்துவிட்டும் கரண்ட் அசையவில்லை என்றால், அந்தக் கரண்ட் தண்ணீரைத் தள்ளுவதற்குப் போகவில்லை. மோட்டாரின் இரும்பைக் காந்தமாக்குவதற்கே போகிறது.

தண்டின் நுனியில் ஒளிதிருப்பும் நாடாவின் துண்டு ஒட்டி, சுற்று எண்ணும் கருவியைக் காட்டினேன். நிமிடத்துக்கு 2,905. நம்ம ஊர் இருதுருவ மோட்டார் சுற்றும் வேகம்தான். பிறகு மோட்டாரை நிறுத்தி, வாரண்டி ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். கீழே இருந்தது: 60 ஹெர்ட்ஸ், 3,450 சுற்று.

இதற்கிடையில் அந்த வெயில் கோளாறும் கண்முன்னே நடந்தது. மீண்டும் ஓடவிட்டு, பக்கப் பலகைகளைப் பழையபடி மூடி வைத்தோம். அரைமணி நேரம் தாண்டவில்லை, டக் என்று ஒரு சத்தம், பம்பு நின்றது. திறந்து பார்த்தபோது மோட்டார் உடம்பு 96 பாகை, பெட்டிக்குள் காற்று 47 பாகை. சூட்டுக் காப்பு வெட்டியிருக்கிறது. ஆறினால் அது தானாகச் சேரும். அதைத்தான் அந்த அம்மா 'படுத்துக்கும், எழுந்துக்கும்' என்று சொன்னார்.

என்ன நடந்தது

மலேசியாவில் வீட்டு மின்சாரம் 2008 முதல் பெயரளவில் 230 வோல்ட். அதற்கு முன் 240. 10 விழுக்காடு கூடவும் 6 விழுக்காடு குறையவும் இடம் உண்டு, அதாவது 216இலிருந்து 253 வரை வரலாம். இந்த வீட்டில் வந்த 241 ஒழுங்கான அளவு. அதிர்வெண், அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை அலையாக வருகிறது என்ற எண், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 60. தொட்டியைப் பொருத்தியவர் வோல்ட்டை ஒப்பிட்டார், பொருந்தியது. இரண்டாவது எண்ணைப் பார்க்கவில்லை.

ஹீட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அது வெறும் தடை. 240 வோல்ட்டில் 5.5 கிலோவாட் என்றால் 230இல் 5 கிலோவாட் சொச்சம், அவ்வளவுதான் வித்தியாசம். ஹீட்டரும் கண்ட்ரோல் பெட்டியும் சரியாக வேலை செய்ததே எல்லோரையும் ஏமாற்றியது. மோட்டார் வேறு சாதி. அதன் இரும்பில் ஏறும் காந்தப்பாயம் வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்தால் வரும் எண்ணைப் பொறுத்தது. 230ஐ 60ஆல் வகுத்தால் 3.83. 241ஐ 50ஆல் வகுத்தால் 4.82. நான்கில் ஒரு பங்கு கூடுதல். ஏற்கெனவே நனைந்த பஞ்சு மேலும் தண்ணீரை வாங்காதது போல, நிறைவெல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்பு மேலும் காந்தப்பாயத்தை எளிதில் வாங்காது. அந்தக் கடைசிக் கால் பங்கை ஏற்ற, கரண்ட் விகிதத்துக்கு மீறி எகிறும். எகிறும் கரண்ட் எல்லாம் சூடு.

இன்னொரு பக்கம் வேகம் ஆறில் ஐந்தாகக் குறைந்துவிட்டது. மையவிலக்குப் பம்பில் தண்ணீரின் அளவு வேகத்தோடு குறையும், அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு குறையும், தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியோடு குறையும். கணக்குப் போட்டால் தண்ணீர் 83 விழுக்காடு, அழுத்தம் 69, திறன் 58. ஜெட் சோம்பியதற்கு அந்த 69 காரணம். மோட்டார் ஒரு வருடம் தாக்குப்பிடித்ததற்கு அந்த 58 காரணம்: தண்ணீர்ச் சுமை குறைந்ததால்தான் காந்தச் சுமையைத் தாங்க முடிந்தது. மோட்டாரின் பின்னால் இருக்கும் விசிறியும் அதே தண்டில் சுற்றுவதால், குளிர்விக்கும் காற்றும் குறைவு என்பதைச் சேர்த்துக்கொள்ளவும்.

ஒரு வருடம் ஓடியது ஏன் திடீரென்று நிற்க ஆரம்பித்தது என்பது மிச்சமிருந்த முடிச்சு. அதற்கு விடை பலகையில் இருந்தது. எலி உள்ளே புகுந்து வெப்பக்காப்பு நுரையைக் கடித்துப் போட்டதால், மகன் காற்றுப் போகும் சட்டங்களை உள்பக்கமிருந்து ஒட்டுப்பலகையால் அடைத்திருக்கிறார். எப்போது என்று கேட்டேன். தீபாவளிக்கு முன் என்றார். பம்பு மத்தியானத்தில் நிற்கத் தொடங்கியது தீபாவளிக்குப் பின். தொட்டியின் தானியங்கி வடிகட்டும் நேரமும் பகல் பன்னிரண்டுக்கு வைத்திருந்தது, துத்தநாகக் கூரை காயும் நேரம். விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை அடைத்த பெட்டி விளிம்புக்கு அப்பால் தள்ளியது. கப்பாசிட்டர் அதே சூட்டில் வெந்தது. 10 பாகை கூடினால் கப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் வைத்திருக்கும் கணக்கு. அதனால்தான் புதுசும் சில மாதத்தில் போனது.

தீர்வுக்கு வந்த வழி

பலகையை மட்டும் எடுத்துவிட்டு இந்த மோட்டாரையே ஓட்டலாமா என்று மகன் கேட்டார். ஓடும். ஒரு வருடம் ஓடியதுதானே. ஆனால் 10 ஆம்பியர் மோட்டாரில் 11.9 ஓடும்போது நான் சரி என்று சொல்லிவிட்டு வர முடியாது.

வோல்ட்டைக் குறைத்தால் கணக்கு நேராகும்: 192 வோல்ட் கொடுத்தால் 60 ஹெர்ட்ஸ் மோட்டாரும் 50இல் குளிர்ச்சியாக ஓடும். அதற்கு ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும், அதற்கு ஈரம் படாத பெட்டி வேண்டும், காசும் இடமும் வேண்டும். வேகம் மாற்றும் இன்வெர்ட்டர் போட்டு 60 ஹெர்ட்ஸ் உண்டாக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. கப்பாசிட்டர் வைத்த ஒருமுனை மோட்டாருக்கு அது ஒத்துவராது, அந்தக் கருவிகள் பெரும்பாலும் மும்முனை மோட்டாருக்கானவை.

ஈப்போவில் கொடுத்துச் சுருளை மாற்றிக் கட்டுவதை நான் உண்மையாகவே யோசித்தேன். சுற்றுகளை ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, கம்பியை அதற்கேற்ப மெலிதாக்கினால் அதே இரும்பு 50 ஹெர்ட்ஸுக்குப் பழகிவிடும். செலவும் குறைவு. குறை என்னவென்றால் ஜெட் அப்படியேதான் சோம்பும். 3,450 சுற்றுக்கென்று செய்த இம்பெல்லர் 2,900இல் அதே அழுத்தம் தராது; தர வேண்டுமானால் அதன் விட்டம் ஐந்துக்கு ஆறு என்ற விகிதத்தில் பெரிதாக இருக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் பம்புகளில் அப்படித்தான் இருக்கும். அதனால் மோட்டாரை மட்டும் மாற்றினாலும் பயனில்லை.

அந்த அம்மாவுக்கு முட்டியில் அடிக்கும் ஜெட்தான் வேண்டும், வெறும் வெந்நீர் அண்டாவிலும் கிடைக்கும். முழுப் பம்பாகவே மாற்றுவது என்று முடிவானது. ஆரம்பத்தில் மகன் கேட்டதும் அதைத்தான். ஆனால் அன்றே விலை சொல்லியிருந்தால் அவர் பழைய தகட்டின் மேல்பாதியைப் படம் எடுத்து அதே மாதிரி இன்னொன்றை இணையத்தில் வாங்கியிருப்பார். தேடிப் பார்த்து வைத்தும் இருந்தார், காட்டினார். 230 வோல்ட், 2 குதிரைத்திறன், 60 ஹெர்ட்ஸ்.

வாங்கியது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 2,850 சுற்று, தகட்டில் 9 ஆம்பியர். பொருத்துவதில் ஒரே தொல்லை யூனியன். தொட்டியின் குழாய் இரண்டு அங்குலம், வெளிவிட்டம் 60.3 மில்லிமீட்டர், பம்போடு வந்த யூனியன் 63 மில்லிமீட்டர் குழாய்க்கானது. பசை போட்டு ஒட்டிவிடலாம் என்று தோன்றும் அளவுக்கு நெருக்கம், ஒட்டினால் கசியும் அளவுக்கு இடைவெளி. நம்ம ஊர் இரண்டங்குல பி.வி.சி.யும் 60.3தான் என்பதால் இரும்புச் சாமான் கடையில் இணைப்பு கிடைத்தது. வாங்கும்போதே அளவைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒட்டுப்பலகையை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் காற்றுச் சட்டத்துக்குப் பின்னால் துருப்பிடிக்காத கம்பிவலை அடித்தோம். எலிக்குத் தடை, காற்றுக்கு வழி. வடிகட்டும் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றினோம். இதில் இன்னொரு லாபமும் உண்டு: வெப்பக்காப்பு உள்ள தொட்டியில் பம்பின் சூடே தண்ணீரில் ஏறும், நம்ம ஊர்ப் பகலில் அது வெளியே போகவும் போகாது. 38 பாகைக்கு வைத்த தண்ணீர் ஹீட்டர் எரியாமலே 40ஐத் தாண்டியது அதனால்தான். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் வயதானவருக்கு அந்தச் சூடு ஆகாது.

அளவுகள்

புதுப் பம்பு, வால்வு திறந்து: 8.1 ஆம்பியர். வால்வு மூடியபோது: 5.6. இப்படித்தான் இறங்க வேண்டும். ஒரு மணி நேரம் ஓடிய பின், பலகை மூடிய நிலையில் மோட்டார் உடம்பு 61 பாகை. மெகர் சோதனையில் குறை இல்லை. ஈ.எல்.சி.பி. சோதனைப் பொத்தானை அந்த அம்மாவையே அழுத்தச் சொன்னோம். மாதம் ஒரு தடவை அழுத்த வேண்டும், வெட்டாவிட்டால் தொட்டியில் இறங்கக்கூடாது என்று நண்பர் இரண்டு முறை சொன்னார். "ஒரு தடவ சொன்னா போதும் தம்பி, மண்டோர் சொன்னத விடவா" என்றார், பழைய தோட்டத்துக் கங்காணியை நினைத்து.

அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் போய்விட்டது. கரண்ட் போகவில்லை, மத்தியானத்தில் பம்பு நிற்கவும் இல்லை. யூனியனில் ஒன்றில் மட்டும் லேசான கசிவு வந்து ரப்பர் வளையம் மாற்றினேன்.

ஓசோன் கருவி இன்னும் ஓரத்தில்தான் இருக்கிறது. 120 வோல்ட்டுக்குத் தனி டிரான்ஸ்பார்மர் வாங்கி அதை ஓட்டும் அளவுக்கு அவசியம் இல்லை, குளோரினே போதும் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். பழைய பம்பு என் பட்டறையில் கிடக்கிறது. சுருள் நல்ல நிலையில் இருப்பதால் பழைய இரும்புக்காரரிடம் போட மனம் வரவில்லை. அதன் தகட்டில் 60 ஹெர்ட்ஸ் என்ற இடத்தைச் சிவப்புப் பெயிண்டால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், யாராவது வாங்கிப் போய் மறுபடியும் ஒரு வீட்டில் மாட்டிவிடக் கூடாதென்று.